தொட்டுக்கொள்ள இரண்டு மீன்



இன்றைய மறையுரையை என்னுடைய ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். சில வருடங்களுக்கு முன், வேறொரு பங்கில் நான் இருந்தபோது, தாத்தா ஆச்சிமாரையும் பேரப்பிள்ளைகளையும் ஒன்றாகச் சுற்றுலா கூட்டிப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. கொடைக்கானல் என்று நானே முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. விடியக்காலம் நாலு மணிக்குப் பேருந்து புறப்பட்டது. வத்தலக்குண்டு தாண்டி மலையேறியதும் முதல் பிள்ளை வாந்தி எடுத்தது. அதைப் பார்த்து இரண்டாவது பிள்ளை. அதைப் பார்த்துப் பக்கத்து இருக்கை ஆச்சி. தூண் பாறைக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரே மூடுபனி. தூணும் தெரியவில்லை, பாறையும் தெரியவில்லை. "வெள்ளையா இருக்கே, அதான் பாறையா?" என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

ராத்திரி ஒரு மணிக்கு ஊரில் வந்து இறங்கினோம். வீங்கிப்போன காலைத் தடவிக்கொண்டே ஓர் ஆச்சி சொன்னார்: "சாமி, கோவிச்சுக்காதீங்க. இதுக்கு நம்ம கோயிலுக்குப் பின்னால கடக்கரையிலயே உக்காந்திருக்கலாம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. எவ்வளவு அலைச்சல், எவ்வளவு வசூல், எவ்வளவு கணக்கு! அந்த ஆச்சி சொன்னது எனக்கு உறைக்க ரொம்ப நாள் ஆயிற்று. இன்றைய நற்செய்தியைப் படிக்கும்போதெல்லாம் அவர் குரல்தான் காதில் விழுகிறது.

நேற்று முன்தினம், ஜூலை 26, நம் தூத்துக்குடிப் பனிமய மாதா பேராலயத்தில் கொடி ஏறியது. ஆகஸ்ட் 5 வரை இந்த ஊர் வேறு ஊராக இருக்கும். முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். பலூனும் மிட்டாயும் ராட்டினமுமாகக் கடற்கரைச் சாலை நெரியும். அதே ஜூலை 26 இன்னொரு திருநாளும்கூட. மரியாவின் பெற்றோர் சுவக்கீன், அன்னா நினைவு நாள் அது. மகளின் திருவிழாவுக்குக் கொடி ஏறுகிற அன்றைக்கே பெற்றவர்களின் நாளும் வருகிறது. வெடிச் சத்தத்தில் அவர்களை நாம் மறந்துவிடுகிறோம். விவிலியத்தில் அவர்கள் பெயர் இல்லை. விவிலியத்தில் சேராத, இரண்டாம் நூற்றாண்டு நூல் ஒன்றிலிருந்து அந்தப் பெயர்கள் நமக்கு வந்தன. ஆனால் இயேசுவுக்கு ஒரு தாத்தாவும் ஆச்சியும் இருந்தார்கள் என்பதற்கு எந்த நூலும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. மாம்சம் ஆனவருக்கு அம்மா உண்டென்றால் அம்மாவைப் பெற்றவளும் உண்டு.

இந்த நாளை ஒட்டித்தான் திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஜூலையின் நான்காம் ஞாயிறை, தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்கும் உரிய உலக நாளாக ஏற்படுத்தினார். முதுமையில் என்னைத் தள்ளிவிடாதேயும் என்று எழுபத்தொன்றாம் திருப்பாடலில் ஒரு கிழவர் கெஞ்சுகிறாரே, அதுதான் 2024ஆம் வருடத்தின் மையக்கருத்து.

இப்போது நற்செய்திக்கு வருவோம். யோவான் ஆறாம் அதிகாரம். அப்பம் பலுகிய அற்புதம் நான்கு நற்செய்திகளிலும் உண்டு. சிறுவன் மட்டும் யோவானில்தான் வருகிறான். அப்பம் வாற்கோதுமை அப்பம் என்று சொல்வதும் யோவான் மட்டும்தான். வாற்கோதுமை அன்றைக்கு ஏழைகளின் சாப்பாடு. நம்முடைய கேப்பைக்கூழ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் புல் நிறைய இருந்தது என்றும் யோவான் எழுதுகிறார். பாஸ்கா நெருங்கிய இளவேனில் காலம். ஏரிக்கரை, புல்தரை, உட்கார்ந்திருக்கிற குடும்பங்கள், கையில் கட்டுச்சோறு. கொஞ்சம் கண்ணை மூடிப் பாருங்கள், உங்களுக்கு என்ன தெரிகிறது? எனக்கு நம்ம ரோச் பூங்கா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் தெரிகிறது.

பிலிப்பு என்ன செய்கிறார்? கணக்குப் போடுகிறார். இருநூறு தெனாரியத்துக்கு வாங்கினாலும் ஆளுக்கொரு துண்டுகூடத் தேறாது என்கிறார். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. அப்படியென்றால் இருநூறு நாள் சம்பளம். கணக்கு சரிதான், பிலிப்பு பொய் சொல்லவில்லை. கொடைக்கானல் பேருந்துக்கு நான் போட்ட கணக்கும் சரிதான். அந்திரேயா கணக்குப் போடவில்லை. அவர் கண் ஒரு பையன்மேல் விழுகிறது. "இதோ ஒரு பையன் இருக்கிறான்" என்கிறார், அவன் கையில் ஐந்து அப்பமும் இரண்டு மீனும். அவருக்கும் சந்தேகம் இருக்கிறது, இவ்வளவு பேருக்கு இது எம்மாத்திரம் என்று கேட்டுத்தான் நிறுத்துகிறார். இருந்தாலும் பையனைப் பார்த்தார். அது போதுமாக இருந்தது.

அந்த இரண்டு மீனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நம் ஊர்க்காரர்களுக்கு இது பிடிக்கும். யோவான் இங்கே மீனுக்கு எழுதும் கிரேக்கச் சொல் ஒப்சாரியோன். கடலில் நீந்துகிற மீனைச் சொல்லும் சொல் வேறு. இது, அப்பத்துக்குத் தொட்டுக்கொள்ளப் பக்குவப்படுத்திய மீன். சோற்றுக்குக் கருவாடு மாதிரி. ஆகவே அந்தப் பையனிடம் இருந்தது யாரோ அடுப்படியில் உட்கார்ந்து செய்து, துணியில் முடிந்து, "ஏலேய், வெயில்ல போற, இதைக் கொண்டு போ" என்று கையில் திணித்த சாப்பாடு. யார் கட்டிக்கொடுத்தது என்று நற்செய்தி சொல்லவில்லை. அம்மா என்று பல அருள்பணியாளர்கள் பிரசங்கம் செய்வார்கள். நான் ஆச்சி என்கிறேன். ஒரு சின்னப் பயலுக்கு ஐந்து அப்பம் கட்டிக்கொடுக்கிற ஆளை யோசித்துப் பாருங்கள். அளவு தெரியாமல் கட்டுவது ஆச்சிகளின் வேலை.

முடிவில் ஆண்டவர் சொல்வதைக் கவனித்தீர்களா? ஒன்றும் வீணாகாதபடி மிச்சத்தைச் சேர்த்து எடுங்கள் என்கிறார். ஐயாயிரம் பேருக்குச் சோறு போட்ட கடவுள் மகன், பந்தி முடிந்ததும் நம் வீட்டு ஆச்சியைப் போலவே பேசுகிறார். பன்னிரண்டு கூடை. நாளைக்குக் காலையில் பழையது தயார்.

போன மாதம் ஒரு சாயங்காலம் உப்பளத்துப் பக்கம் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். வரப்பில் ஓர் ஆச்சியும் ஒரு பேத்தியும் நின்றார்கள். பேத்திக்கு ஏழு வயது இருக்கும், நகரத்துப் பிள்ளை, விடுமுறைக்கு வந்தவள். ஆச்சி முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த அளத்தில் வேலை பார்த்தவர். வண்டியை நிறுத்தினேன். ஆச்சி கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்: "அந்தா, அந்தப் பாத்தியிலதான் ஒங்கம்மா வயித்துல இருக்கப்ப உப்பு சுமந்தேன்." பேத்தி அந்தப் பாத்தியைப் பார்த்தாள், ஆச்சியின் வயிற்றைப் பார்த்தாள், திரும்பப் பாத்தியைப் பார்த்தாள். "அம்மாவும் உப்பு சுமந்தாங்களா அப்ப?" என்று கேட்டாள். ஆச்சி சிரித்த சிரிப்பில் அங்கே நின்றிருந்த கொக்குகள் எழும்பிவிட்டன. "ஆமாட்டி, அவளும்தான் சுமந்தா" என்றார்.

பிறகு குனிந்து வரப்போரம் கிடந்த ஒரு கல் உப்பை எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, பிள்ளை கையில் வைத்தார். அவள் நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். மறுபடியும் தொட்டாள். இது கடல்தண்ணியாக இருந்தது, வெயில் குடித்துவிட்டு மிச்சம் வைத்தது என்று ஆச்சி சொல்லிக்கொடுத்தார். பாத்தியில் கால் வைத்தால் எப்படி வெடித்துப் புண்ணாகும் என்று தன் பாதத்தைத் தூக்கிக் காட்டினார். பேத்தி குத்தவைத்து உட்கார்ந்து அந்தப் பாதத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள், ஒவ்வொரு வெடிப்பாக.

உலகத்துக்கு உப்பாக இருங்கள் என்று இந்தப் பீடத்திலிருந்து எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. அந்தப் பிள்ளைக்கு இனி அந்த வசனம் வாசிக்கப்படும்போது நான் தேவையில்லை.

அவர்கள் வீட்டிலிருந்து அந்த அளம் நடந்து போகிற தூரம். நுழைவுச்சீட்டு கிடையாது. அறிவிப்புப் பலகை கிடையாது. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டால் ஊரில் எவனும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வான்.

செக்கரியா இறைவாக்கினரை இன்றைக்கு நாம் வாசிக்கவில்லை, ஆனாலும் அவரை அழைக்காமல் இருக்க முடியவில்லை. எட்டாம் அதிகாரம். பாபிலோனிலிருந்து திரும்பிய மக்கள், இடிந்து கிடந்த எருசலேமில் கொஞ்சம் பேராகக் குடியேறியிருந்தார்கள். மன்னன் தாரியுவின் நான்காம் ஆண்டு, அதாவது கி.மு. 518 வாக்கில். கோயில் வேலை இன்னும் முடியவில்லை, மதில் இல்லை, அரசன் இல்லை. இந்த நகரம் மறுபடி நகரமாகும் என்பதற்கு ஆண்டவர் என்ன அடையாளம் கொடுக்கிறார் தெரியுமா? படை என்று சொல்லவில்லை, பொன் என்று சொல்லவில்லை. கிழவர்களும் கிழவிகளும் கையில் கம்போடு தெருவில் உட்கார்ந்திருப்பார்கள், சிறுவர் சிறுமியர் அதே தெருவில் நிறைந்து விளையாடுவார்கள் என்கிறார். அவ்வளவுதான் காட்சி. கிழவர்கள் எந்த வேலையும் செய்வதாகச் சொல்லப்படவில்லை. உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதன் கனம் கடற்கரைக்காரர்களுக்குப் புரியும். ஒரு தெருவில் கிழவன் இருக்கிறான் என்றால் அவனைப் போர் கொல்லவில்லை, பஞ்சம் கொல்லவில்லை என்று அர்த்தம். நம் கணக்கில், அவனைக் கடல் கொண்டுபோகவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது கன்னியாகுமரிக் கடற்கரை ஊர்களிலிருந்து போன எத்தனை பேர் தாத்தாவாகாமலே போய்விட்டார்கள். அந்த ஊர்களில் பேரப்பிள்ளைகள் படத்துக்கு மாலை போடுகிறார்கள். இந்தக் கோயிலில் வலதுபக்கம் மூன்றாவது வரிசையில் கம்பை மடியில் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே, தாத்தாமார்களே, நீங்கள் அங்கே உட்கார்ந்திருப்பதே இறைவாக்கு நிறைவேறியதுதான். உங்கள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே ஒரு குட்டி, அது அடுத்த வசனம்.

2023 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. தெருவெல்லாம் தண்ணீர், கரண்ட் இல்லை, ஃபோன் இல்லை. மாடியில் மாட்டிக்கொண்ட ஒரு குடும்பத்தைத் தண்ணீர் வடிந்தபிறகு போய்ப் பார்த்தேன். வீட்டிலிருந்த எல்லாம் நாசம். சின்னவன் மட்டும், "தாத்தா மூணு நாளும் கதை சொன்னாங்க சாமி, கப்பல் மூழ்குன கதை" என்றான். அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்: வெள்ளத்துக்கு நடுவில் சொல்ல வேறு கதை கிடைக்கவில்லையா என்று. தாத்தாவின் பதில்: "அந்தக் கப்பல்ல நான் தப்பிச்சேம்லா."

திருத்தந்தை பிரான்சிஸ் தன் ஆச்சி ரோசாவைப் பற்றி அடிக்கடி சொல்லியிருக்கிறார். புவெனஸ் அயர்ஸில் அவர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ரோசாவின் வீடு. காலையில் வந்து பேரனைக் கூட்டிப்போய், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார். பெரிய வெள்ளி பவனிக்குக் கூட்டிப்போய், இறந்த கிறிஸ்துவின் சுரூபம் வரும்போது பிள்ளைகளை முழந்தாளிட வைத்து, இவர் செத்திருக்கிறார், ஆனால் நாளைக்கு உயிர்த்துவிடுவார் என்று சொல்லிக்கொடுப்பாராம். அந்தத் தெருமுனையில் கற்ற பாடம் உரோமை வரைக்கும் போயிற்று. பவுல் திமொத்தேயுவுக்கு எழுதும்போதும் அவருடைய பாட்டி லோயியைப் பெயர் சொல்லி நினைக்கிறார், அதற்குப் பிறகுதான் தாய் யூனிக்கி வருகிறார். நம் கரையில் 1542இல் வந்து இறங்கிய புனித சவேரியார், மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி ஜெபம் சொல்லிக்கொடுத்து, நீங்கள் போய் வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று அனுப்பினார். ஆக இந்த ஊரில் விசுவாசம் இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது, ஆச்சியிலிருந்து பிள்ளைக்கும், பிள்ளையிலிருந்து ஆச்சிக்கும்.

இனிக் கொஞ்சம் கசப்பும் சொல்ல வேண்டும்.

ஆச்சியைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும் ஆளாக மட்டும் வைத்திருக்கிற வீடுகள் இங்கே உண்டு. டியூஷனுக்குக் கொண்டுபோய் விட, கூட்டிவர, பால் வாங்க, கேஸ் வந்தால் கதவைத் திறக்க. ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக வெளியே கிளம்பும்போது மட்டும், "ஒங்களுக்கு முடியாதும்மா, நீங்க வீட்டுல இருங்க." முடியாது என்று நீங்களாக எப்படி முடிவு செய்தீர்கள்? முயல் தீவுக் கடற்கரைக்கு ஒரு ஆட்டோவில் ஏறி இறங்க முடியாதா? கேட்டுப் பாருங்கள். நான் கொடைக்கானலுக்குக் கேட்காமல் செய்த தப்பை நீங்கள் கேட்காமல் விட்டுவிட்டுப் போவதில் செய்கிறீர்கள்.

பெரியவர்களுக்கும் ஒன்று உண்டு. பேரப்பிள்ளை எப்போதும் ஃபோனிலேயே இருக்கிறான் என்று என்னிடம் வந்து குறை சொல்கிறீர்கள். சீரியல் ஓடும்போது அவன் உங்களிடம் வந்து எதையாவது காட்டினால், "செத்த இருல, விளம்பரம் வரட்டும்" என்று சொன்னது யார்? அவன் கையில் இருந்தது ஒரு சோழியாக இருக்கலாம். விளம்பரம் வருவதற்குள் அவன் போய்விடுவான்.

வெளியே கூட்டிப்போகப் பணம் இல்லை என்று யாரும் சொல்லாதீர்கள். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை, விசைப்படகு போகாத தடைக்காலம் 61 நாள். பிள்ளைகளின் கோடை விடுமுறையும் அதற்குள்தான் வருகிறது. கையில் காசு இல்லாத அந்த மாதங்களில்தான் இந்தக் கடற்கரை நிறைந்திருக்கிறது, பார்த்திருக்கிறேன். அப்பாக்கள் வலை பின்னுகிறார்கள், தாத்தாக்கள் பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்கிறார்கள், பிள்ளைகள் நூல்கண்டை உருட்டி விளையாடுகிறார்கள். கச்சான் எது, கொண்டல் எது, வாடை எது என்று முகத்தில் படுகிற காற்றை வைத்தே சொல்லத் தெரிந்த கடைசித் தலைமுறை நீங்கள். உங்கள் மகன் ஜிபிஎஸ் பார்த்துப் போகிறான், போகட்டும். பேரனைக் காற்றுக்கு எதிரே நிறுத்தி, "இதான்ல கச்சான்" என்று ஒரு முறை சொல்லிவையுங்கள். கடலுக்கே போகாமல் அவன் எங்கோ கணினி முன்னால் உட்காரப் போகிறவனாக இருக்கலாம். அங்கேயும் ஜன்னல் இருக்கும்.

பேரப்பிள்ளை இல்லாதவர்கள் இங்கே இருக்கிறீர்கள். வளைகுடாவிலும் கனடாவிலும் இருக்கிற பேரனை வீடியோ காலில் மட்டும் பார்க்கிறவர்கள் இருக்கிறீர்கள். இந்த மறையுரை உங்களுக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கு நகோமியைத் தருகிறேன். கணவனையும் இரண்டு மகன்களையும் வேற்றுநாட்டில் புதைத்துவிட்டு வெறுங்கையாகத் திரும்பியவள். மருமகள் ரூத்துக்கு வேறொருவர் வழியாகப் பிள்ளை பிறக்கிறது. இரத்தக் கணக்கில் அது நகோமிக்கு ஒன்றும் ஆக வேண்டாம். ஆனால் அவள் பிள்ளையை வாரி மடியில் வைத்துக்கொள்கிறாள். தெருப் பெண்கள் கூடி, நகோமிக்கு மகன் பிறந்திருக்கிறான் என்கிறார்கள், பெயர்கூட அவர்கள்தான் வைக்கிறார்கள். தெரு சேர்ந்து ஒரு கிழவிக்குப் பேரனைக் கொடுத்தது. அந்தப் பேரன் ஓபேதுதான் தாவீதின் தாத்தா. நம் அன்பியங்களில் தாத்தா ஆச்சி இல்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். மீதியை நீங்களே கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, கோயிலுக்குப் பின்னால், அந்தப் பழைய வள்ளம் கவிழ்த்துக் கிடக்கிற இடத்தில் கூடுவோம். பேருந்து கிடையாது. பேச்சாளர் கிடையாது. நான் ஜெபம் மட்டும் சொல்வேன், அதையும் சுருக்கமாக. வீட்டில் இருப்பதைக் கட்டிக்கொண்டு வாருங்கள், புளிச்சோறோ பழையதோ, தொட்டுக்கொள்ள இரண்டு மீன். பாய் பங்குக் கூடத்தில் இருபது இருக்கிறது, இளைஞர்கள் நாலரைக்கே வந்து விரித்துவிட வேண்டும். கீழே உட்கார முடியாதவர்களுக்கு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். காற்று பலமாக இருக்கும், ஆச்சிமார் போர்வை கொண்டு வாருங்கள். பிள்ளைகள் மண்ணில் புரளட்டும், அம்மாமார் யாரும் சத்தம் போடக் கூடாது.

கொடைக்கானல் விஷயத்தில் என்னைத் திருத்திய அந்த ஆச்சிக்கு இன்று காலை ஃபோன் செய்தேன். நூறு வயதை எட்டிக்கொண்டிருக்கிறார், காது கேட்கவில்லை. பேத்திதான் எடுத்து, நான் சொன்னதை அவர் காதில் கத்திச் சொன்னாள். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஆச்சியின் குரல்: "கருவாடு யாரு கொண்டு வாரா?"

எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.